பெட்டியடியும் வகுப்பறையும்: தொழில்முனைவைக் கற்பிக்கும் முயற்சிகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தொழில்முனைவு பிறவிக்குணமா, கற்பிக்கத்தக்க திறனா என்னும் வினா மேலாண்மைக் கல்வி நிறுவனங்களின் பெருக்கத்தோடு வலுப்பெற்றது. இக்கட்டுரை அவ்வினாவை வரலாற்று நோக்கில் அணுகுகிறது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பெட்டியடிப் பயிற்சி, 1947இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் தொடங்கிய பாடம், 1964-65இல் காக்கிநாடா வணிகர்களுக்கு அளிக்கப்பட்ட ஊக்கப் பயிற்சி, 1970 முதல் குஜராத்தில் வளர்ந்த தொழில்முனைவோர் மேம்பாட்டுத் திட்டம் ஆகியவை இங்கு ஒப்புநோக்கப்படுகின்றன. தொழில்முனைவுக் கல்வியைக் கணக்கறிவு, தீர்மானிக்கும் திறன், முதலும் நம்பகமும் என மூன்று கூறுகளாகப் பகுக்கலாம். வகுப்பறை முதற்கூற்றை நிறைவாகவும் இரண்டாவதை ஓரளவும் தருகிறது. மூன்றாவது கூறும் உடனிருந்த இடங்களிலேயே பயிற்சி தொழிலாகக் கனிந்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: தொழில்முனைவு, வணிகக் கல்வி, நகரத்தார், பெட்டியடி, காக்கிநாடா ஆய்வு, திருப்பூர், முதல்.

முன்னுரை

இன்று கலை அறிவியல் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் தொழில்முனைவு ஒரு பாடமாக இடம்பெற்றுள்ளது. மேலாண்மைப் படிப்புகளில் அது தனிச் சிறப்புப் பிரிவாகவும் உள்ளது. மாணவர் திட்ட அறிக்கை எழுதுகின்றனர். தேர்வெழுதி மதிப்பெண் பெறுகின்றனர். ஆயினும் பாடத்தில் தேறியவர் தொழில் தொடங்குவரா என்னும் ஐயம் கற்பிப்போரிடமும் கற்போரிடமும் நீங்கவில்லை. ‘வியாபாரம் இரத்தத்தில் ஊறியிருக்க வேண்டும்’ என்னும் வழக்கு ஒருபுறமும், ‘எதையும் பயிற்சியால் ஆக்கலாம்’ என்னும் நம்பிக்கை மறுபுறமும் நிற்கின்றன.

இவ்விரு நிலைப்பாடுகளும் தொழில்முனைவைப் பிரிக்க இயலாத ஒற்றைப் பண்பாகக் கருதுகின்றன. வரலாற்றில் அது கற்பிக்கப்பட்ட இடங்களை நோக்கினால், கற்பிக்கப்பட்டது ஒன்றன்று, பல என்பது புலனாகும். எவ்விடத்தில் எது கற்பிக்கப்பட்டது, கற்றவர் கையில் எது ஒப்படைக்கப்பட்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

தொழில்முனைவோர் என்னும் கருத்தாக்கத்தைப் பொருளியலில் முதன்முதல் தெளிவாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் ரிச்சர்டு கான்டில்லன். 1755இல் வெளியான அவரது நூல், தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்கும் இடர்ப்பாட்டைத் தாங்குபவராக அவரைக் காட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோசப் சும்பீட்டர், இருக்கும் வளங்களைப் புதிய வகையில் இணைப்பவரே தொழில்முனைவோர் என்றார். முன்னவர் இடரைத் தாங்குதலையும் பின்னவர் புதுமையையும் மையமாக்கினர். இடரைத் தாங்குவதற்குப் பொருள்வளம் வேண்டும். புதுமைக்கு நோக்கு வேண்டும். எனவே கற்பித்தல் பற்றிய வினா இவ்விரு பொருள்களுக்கும் ஒரே விடையைப் பெற இயலாது.

தமிழில் ‘தொழில்முனைவோர்’ அண்மைக் காலத்து ஆக்கம். அதற்கு முன் வழங்கிய சொல் ‘முதலாளி’. முதலை ஆள்பவர் முதலாளி. முனைதல் மனத்தின் செயலாகவும், முதலை ஆளுதல் பொருளின்மீதான உரிமையாகவும் அமைவது நோக்கத்தக்கது. பழைய சொல் முதலை முன்னிறுத்த, புதிய சொல் முனைப்பை முன்னிறுத்துகிறது. தொழில்முனைவுக் கல்வியின் வரலாற்றிலும் இதையொத்த இடப்பெயர்ச்சி நிகழ்ந்துள்ளது.

பெட்டியடிக் கல்வி

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இலங்கை, பர்மா, மலேயா ஆகிய நாடுகளில் கடன்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், தம் பிள்ளைகளைத் தொழிலுக்குப் பழக்கிய முறை ஒரு முழுமையான கல்வி ஏற்பாடாகும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளிலும், டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட ஆய்வு நூலிலும் இதுபற்றிய செய்திகள் உள்ளன.

இக்கல்வியின் முதற்படி எண்சுவடி. கூட்டல், பெருக்கல் வாய்பாடுகளோடு முந்திரி, காணி, மா முதலிய கீழ்வாய் இலக்கங்களும் மனப்பாடமாயின. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு; காணி 80இல் ஒரு பங்கு; மா 20இல் ஒரு பங்கு. வட்டியைத் தாளின்றிக் கணக்கிட வேண்டிய தொழிலுக்கு இப்பயிற்சி இன்றியமையாதது.

இரண்டாம் படி கடையில் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ‘பெட்டியடிப் பையன்’ ஆனான். பணப்பெட்டியின் அருகிருந்து ஏவல் செய்வது அவன் வேலை. கடனுக்கு வருவோர் எவ்வாறு பேசுகின்றனர், எவருக்குப் பணம் கொடுக்கப்படுகிறது, எவர் இன்சொல்லோடு திருப்பி அனுப்பப்படுகிறார் என்பவற்றை அவன் நாள்தோறும் கண்டான். பின்னர் ‘அடுத்தாள்’ நிலைக்கு உயர்ந்து, குறிப்பும் பேரேடும் எழுதினான். ஐந்தொகை எடுக்கப் பழகினான். அதன்பின் கடல்கடந்த கடையொன்றை முழுப்பொறுப்போடு நடத்தும் ‘மேலாள்’ ஆனான்.

மேலாளின் பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டு. சம்பளம் முன்னரே பேசி எழுதப்பட்டது. அதில் ஒரு பகுதி முன்பணமாகவும் கொடுக்கப்பட்டது. கணக்கு முடிந்து ஊர் திரும்புகையில் இலாபத்திலும் ஒரு பங்கு கிடைத்தது. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருக்க, மேலாள் பர்மியச் சிற்றூரில் அவருடைய பணத்தைக் கொண்டு தானே தீர்மானித்துக் கடன் வழங்கினார். ஒவ்வொரு கடனுக்கும் முதலாளியின் இசைவைப் பெற அஞ்சல் இடந்தராது. எனவே பிறர் பணத்தில் தாமே முடிவெடுக்கும் பட்டறிவு மேலாளுக்கு வாய்த்தது. மூன்றாண்டுக் கணக்கு அவருடைய தேர்வாகவும் அமைந்தது. ஈட்டிய பங்கைச் சேர்த்துவைத்தவர், சுற்றத்தாரின் வைப்புப் பணத்தையும் பெற்றுப் பின்னாளில் தாமே முதலாளி ஆகும் வழி இருந்தது.

குடும்ப அமைப்பும் இக்கல்விக்குத் துணைநின்றது. மணமான மகனை ஒரே வீட்டுக்குள் ‘வேறு வைக்கும்’ வழக்கத்தால் ஒவ்வோர் இணையரும் தனிப் புள்ளியாகி, ஆண்டுக்கென வரையறுத்த பொருளில் தனியே சமைத்து வாழ்ந்தனர். வரவுக்குள் செலவை அடக்கும் பொறுப்பு, தொழிலில் தனித்து நிற்பதற்கு முன்பே வீட்டில் தொடங்கியது.

இம்முறையில் மூன்று கூறுகளைப் பிரித்தறியலாம். முதலாவது கணக்கறிவு. இரண்டாவது, மூத்தோர் பார்வையில் தொடங்கிப் படிப்படியாகத் தனித்து எடுக்கப்பட்ட முடிவுகளால் விளைந்த தீர்மானிக்கும் திறன். மூன்றாவது, சமூகத்தின் வைப்புப் பணமும் அதனைப் பெற்றுத்தந்த நம்பகமும். இம்மூன்றும் ஒரே இடத்தில், ஒரே தொடர்ச்சியில் கிடைத்தமையே பெட்டியடிக் கல்வியின் வலிமை.

பெட்டியடிக் கல்வியின் எல்லைகள்

இவ்வமைப்பை மிகைப்படுத்திப் போற்றுதல் பொருந்தாது. முதலாவதாக, இது பிறப்பால் வாயில் அடைத்த கல்வி. சமூகத்துக்குப் புறத்தே பிறந்தவர் ஏவலாளாகக் கடையில் இருந்திருக்கலாம். முதலாளியாவதற்கான நம்பகமும் வைப்பும் அவருக்கு எட்டவில்லை. பெண்களின் சீதனப் பணம் கடைகளில் வட்டிக்கு நின்றபோதும், பெட்டியடியும் மேலாள் பதவியும் ஆண்களுக்கே உரியனவாக இருந்தன.

இரண்டாவதாக, முன்னோர் செய்ததைத் திறம்படச் செய்யவே இக்கல்வி பழக்கியது. பர்மாவில் ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி, கடைகளுக்கிடையே வழங்கும் நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். ஒரே வகைப் பயிற்சி, ஒரே வட்டி நிலவரம், நெல் என்னும் ஒரே விளைபொருள் ஆகியவற்றைச் சார்ந்தே பெரும்பாலான கடைகளின் தீர்மானங்கள் அமைந்தன. 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, நகரத்தார் அந்நாட்டில் ஈடுபடுத்தியிருந்த தொகையை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. உழவர் கடனைத் திருப்ப இயலாமற்போகவே, ஈடாக வைத்த நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு; 1938இல் அது 25 விழுக்காடு. கடன்கொடுத்தோர் விரும்பிப் பெற்ற சொத்தன்று இது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும் 1948இல் நில நாட்டுடைமைச் சட்டமும் அச்சொத்தையும் பயனற்றதாக்கின. ஒரு கடனாளியை எடைபோடக் கற்றுத்தந்த முறை, எல்லாக் கடனாளிகளும் ஒருங்கே வீழும் காலத்துக்கு ஆயத்தப்படுத்தவில்லை. கான்டில்லன் கூறிய இடர் தாங்கும் ஆற்றல் கற்பிக்கப்பட்டது. சும்பீட்டர் கூறிய புதுமை கற்பிக்கப்படவில்லை எனலாம்.

ஆயினும் பர்மாத் தொழில் நலிந்த பின்னர் வேறு துறைகளுக்குப் பெயர்ந்தோர் இருந்தனர். மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ஆம் நாள் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே வேளையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். முருகப்பா குடும்பத்தார் 1949இல் மிதிவண்டித் தொழிலிலும் 1954இல் உராய்பொருள் தொழிலிலும் இறங்கினர். கடனாளியை எடைபோடும் தனித்திறன் இத்துறைகளுக்கு நேரடியாகப் பயன்படவில்லை. கணக்கின் ஒழுங்கும், தொலைவிலுள்ள பொறுப்பாளரை நம்பி நடத்தும் பழக்கமும், திரட்டப்பட்ட முதலும் பயன்பட்டன. கற்றவற்றுள் தொழில் மாறினும் உடன்வருவன இவையே.

வணிகப் பள்ளியின் தோற்றமும் நோக்கமும்

பெட்டியடிக் கல்வி உச்சத்தில் இருந்த அதே காலத்தில் வகுப்பறை வணிகக் கல்வியும் தோன்றியது. 1886இல் சென்னையில் பச்சையப்பன் அறநிலையப் பொறுப்பாளர்கள் வணிகப் பள்ளியைத் தொடங்கினர். 1913இல் பம்பாயில் சைடன்ஹாம் கல்லூரி நிறுவப்பட்டது. இவற்றின் பாடங்கள் கணக்குப் பதிவியல், வணிகக் கடிதம், வணிகச் சட்டம் முதலியன. நிறுவனங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் தேவைப்பட்ட எழுத்தரையும் கணக்கரையும் இக்கல்வி உருவாக்கியது.

அமெரிக்காவிலும் நிலைமை பெரிதும் வேறன்று. 1881இல் தொடங்கிய வார்ட்டன் பள்ளியும் 1908இல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளியும் பெருநிறுவனங்களின் நிருவாகிகளையே முதன்மையாகக் கருத்தில் கொண்டன. பிறர் நிறுவனத்தை நடத்துவதற்கான கல்வி அது. புதிய நிறுவனம் தொடங்குவதற்கான தனிப்பாடத்தை மைல்ஸ் மேஸ் 1947இல் ஹார்வர்டில் தொடங்கினார். முதன்முறையிலேயே 188 மாணவர் அதில் சேர்ந்தனர். அவர்களுட் பலர் இரண்டாம் உலகப்போரில் பணியாற்றி மீண்டவர்கள்.

அப்பாடம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டில், அதே பள்ளியின் பேராசிரியர் ஜார்ஜ் டோரியட் முன்னின்று அமெரிக்க ஆய்வு மேம்பாட்டுக் கழகம் என்னும் துணிகர முதலீட்டு நிறுவனத்தை உருவாக்கினார். அந்நிறுவனம் 1957இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் கணிப்பொறி நிறுவனத்தில் 70,000 டாலர் முதலிட்டது. அதன் பயன் பன்மடங்காகத் திரும்பியது. பாடம் வகுப்பறையில் நடந்தபோது, அறிமுகமற்ற இளைஞரை நம்பி முதலிடும் அமைப்பும் அதே நகரத்தில் வளர்ந்தது. பாடத்தின் பயனை மட்டும் தனித்து அளப்பது அதனால் அரிதாகிறது. பாடத்திட்டம் பிற நாடுகளுக்கு எளிதாகப் பெயர்ந்தது. உடனிருந்த முதலீட்டு ஏற்பாடு அத்துணை எளிதாகப் பெயரவில்லை.

இந்தியாவில் 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் தோன்றின. 1962இல் மதுரையில் தியாகராசர் மேலாண்மைப் பள்ளியைத் தோற்றுவித்தவர் ஆலை அதிபர் கருமுத்து தியாகராசச் செட்டியார். பெட்டியடியில் பிள்ளைகளைப் பழக்கிய சமூகத்தைச் சேர்ந்தவரே, பிறப்பு வேறுபாடின்றி மாணவர் பயிலும் மேலாண்மைப் பள்ளியை நிறுவியது இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். கணக்கறிவும் மேலாண்மை அறிவும் இதனால் பொதுவுடைமையாயின. சமூகத்தின் வைப்புப் பணமும் நம்பகமும் வகுப்பறைக்குள் வரவில்லை; வர இயலாதவை அவை.

காக்கிநாடா ஆய்வு

தொழில்முனைவைக் கற்பிக்க இயலுமா என்பதைக் களத்தில் சோதித்த முன்னோடி ஆய்வு ஆந்திரத்தின் காக்கிநாடாவில் நிகழ்ந்தது. ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், 1961இல் வெளியிட்ட நூலில், ஒரு சமுதாயத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு அச்சமுதாயத்து மக்களின் சாதனை ஊக்கம் ஒரு காரணம் என வாதிட்டிருந்தார். அவ்வூக்கம் குழந்தைப் பருவத்தில் உருவாவது என்று கருதப்பட்டது. வளர்ந்தவரிடமும் அதனைப் பயிற்சியால் உண்டாக்க முடியுமா என்பதே அடுத்த கேள்வி.

1964-65இல் காக்கிநாடாவைச் சேர்ந்த 52 வணிகர்கள், ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தில் குழுக்களாகப் பயிற்சி பெற்றனர். பயிற்சிக் காலம் பத்து நாள் அளவே. கணக்கியலோ சந்தையியலோ அதன் மையமன்று. படங்களைக் கண்டு கதை எழுதுதல், எட்டிய தொலைவுக்கும் எட்டாத தொலைவுக்கும் இடைப்பட்ட இலக்கைத் தேர்ந்து வளையம் எறிதல், தம் தொழிலுக்கு இலக்கு வகுத்தல் முதலியன இடம்பெற்றன. மிகை இடரும் இல்லாத, இடரே இல்லாததும் அல்லாத இடைநிலையைத் தேர்ந்தெடுக்கும் மனப்பழக்கமே நோக்கம். மெக்லெலண்டும் டேவிட் விண்டரும் இதன் முடிவுகளை 1969இல் நூலாக வெளியிட்டனர்.

பயிற்சிக்குப் பிந்தைய ஈராண்டுகளில், பயிற்சி பெற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் புதுத்தொழில் தொடங்குதல், விரிவாக்குதல் முதலிய குறிப்பிடத்தக்க முயற்சிகளில் ஈடுபட்டனர். ஒப்பீட்டுக்குக் கொள்ளப்பட்ட, பயிற்சி பெறாத வணிகருள் ஏறத்தாழக் கால் பங்கினரே அவ்வாறு ஈடுபட்டனர். சாதிப் பழக்கவழக்கங்களும் மரபுவழி நம்பிக்கைகளும் இந்தியரின் தொழில் ஊக்கத்துக்குத் தடை என அக்காலத்தில் வலுவாக நிலவிய கருத்துக்கு இவ்வாய்வு சான்று தரவில்லை. மரபில் ஊன்றியவர்களும் பயிற்சியால் பயன்பெற்றனர்.

எனினும் இவ்வாய்வின் மற்றொரு கண்டுபிடிப்பே இங்குப் பெரிதும் கருதத்தக்கது. பயிற்சியின் பயன் எல்லாரிடமும் ஒரே அளவில் வெளிப்படவில்லை. தம் தொழிலில் தாமே முடிவெடுக்கும் நிலையில் இருந்தவரிடமே மாற்றம் மிகுதியாகத் தென்பட்டது. பிறர் முடிவுக்குக் கட்டுப்பட்டிருந்தவர் பயிற்சியில் பெற்ற ஊக்கத்தைச் செயலாக்க இடமில்லை. ஊக்கம் கற்பிக்கத்தக்கது, ஆனால் அதனைச் செலுத்துவதற்குரிய அதிகாரம் முன்னரே கையில் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். மேலும் பயிற்சி பெற்றோர் ஒரே நகரத்தினர்; ஒருவரையொருவர் அறிந்தவர்; ஏற்கெனவே வணிகத்தில் நின்றவர். இவ்வாய்வின் முடிவை, கையில் முதலின்றிக் கல்லூரியில் பயிலும் இருபது வயது மாணவருக்கு அப்படியே பொருத்துதல் இயலாது.

பயிற்சியும் கடனும் இணைந்த திட்டங்கள்

1970 அளவில் குஜராத்தில் தோன்றிய தொழில்முனைவோர் மேம்பாட்டுத் திட்டம் வேறொரு வழியைக் காட்டியது. பிணைவைக்கச் சொத்தில்லாத தொழில்நுட்பம் அறிந்தோருக்குக் கடன் வழங்க மாநிலத் தொழில் வளர்ச்சி நிறுவனங்கள் முன்வந்தன. பிணை இல்லாதபோது எவரை நம்பிக் கடன் கொடுப்பது என்னும் வினா எழுந்தது. தகுதியானோரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்தலே அதற்கான விடையாயிற்று. இங்குப் பயிற்சி கடனுக்கு முன்னோடி. நகரத்தார் மரபில் சமூகம் வழங்கிய நம்பகத்தை, இங்கு ஒரு பயிற்சித் திட்டம் வழங்க முயன்றது.

1983இல் அகமதாபாத்தில் இந்தியத் தொழில்முனைவு மேம்பாட்டு நிறுவனம் உருவானது. இந்தியத் தொழில் வளர்ச்சி வங்கி, பாரத ஸ்டேட் வங்கி உள்ளிட்ட நிதி நிறுவனங்கள் அதனை நிறுவியமை மேற்கூறிய பிணைப்பை உறுதிசெய்கிறது. தமிழ்நாட்டில் 2001இல் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2012இல் அறிமுகமான ‘நீட்ஸ்’ என்னும் புதிய தொழில்முனைவோர் திட்டம், படித்த இளைஞருக்குப் பயிற்சி, வங்கிக் கடன், முதலீட்டு மானியம், வட்டி மானியம் ஆகியவற்றை ஒருங்கே வைத்தது. பெண்களுக்கும் ஒதுக்கீடு அளித்தது. பெட்டியடிக் கல்வியின் பிறப்புவழித் தடையை நீக்கி, அதன் மூன்று கூறுகளையும் மீண்டும் ஒன்றுசேர்க்கும் முயற்சியாக இத்தகைய திட்டங்களைக் காணலாம். ஆயினும் பயிற்சியின் கால அளவு வாரக்கணக்கில் அடங்குவது. அடுத்தாளாகவும் மேலாளாகவும் ஆண்டுக்கணக்கில் பழகிய இரண்டாம் கூறு இவற்றில் மெலிந்து நிற்கிறது.

திருப்பூர்: முதலும் திறனும் வேறு

முதல் கிடைத்தவர் எல்லாம் திறனுடையவரா என்னும் வினாவுக்குத் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் சான்று தருகிறது. அங்கு உழவுப் பின்னணியிலிருந்து வந்த கவுண்டர் சமூகத்தார் பலர், பனியன் கம்பெனித் தொழிலாளராகத் தொடங்கிக் கூட்டுச் சேர்ந்து முதலாளிகளானதை ஷரத் சாரி 2004இல் வெளியான நூலில் விரித்துரைத்துள்ளார். தையல் பொறியின் அருகில் நின்று கற்ற கல்வி அது. வகுப்பறைச் சான்றிதழ் அதில் இடம்பெறவில்லை.

அதே ஆண்டில் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் வெளியிட்ட ஆய்வு மற்றொரு கோணத்தைக் காட்டியது. உள்ளூர்ச் சமூகத் தொடர்புடைய கவுண்டர் முதலாளிகள், வெளியிலிருந்து வந்தோரைவிடப் பன்மடங்கு கூடுதலான முதலோடு தொடங்கினர். ஆனால் குறைந்த முதலோடு தொடங்கிய வெளியாரின் உற்பத்தி விரைந்து வளர்ந்து அவர்களை முந்தியது. முதல், திறனைத் தேடிச் செல்லாமல் உறவைத் தேடிச் செல்கிறது என்பதே இவ்வாய்வு உணர்த்தும் செய்தி. திறனுடைய வெளியார் சிலர் திருப்பூருக்கு வந்து வென்றனர் என்பது ஒரு பக்கம். முதல் கிடைக்காமையால் வாராமலே போன திறனாளர் எத்தனை பேர் என்பது கணக்கில் வாராத மறுபக்கம். ‘தொழில்முனைவு பிறவிக்குணம்’ என்னும் கூற்று, இவ்வாறு விடுபட்டோரின் இன்மையைத் திறனின்மை எனப் பிறழ உணர்வதற்கு இடந்தருகிறது.

அண்மைய ஆய்வுகள் காட்டுவன

கடந்த இருபதாண்டுகளில் வெளியான சில ஆய்வுகளும் மேற்கண்ட பகுப்புக்கு அரண் செய்கின்றன. நெதர்லாந்தில் ஒரு தொழிற்கல்லூரியில் மாணவர் சிறு நிறுவனம் நடத்திப் பழகும் பாடத்தை மதிப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வில், மாணவரின் திறன் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. தொழில் தொடங்கும் விருப்பமோ குறைந்தது. தொழிலின் கடினத்தை மெய்யாக உணர்ந்தமை அவ்விருப்பக் குறைவுக்குக் காரணமாகலாம் என விளக்கப்பட்டது.

ஜோஷ் லெர்னரும் உல்ரிக் மால்மெண்டியரும் ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவரைப் பற்றி 2013இல் வெளியிட்ட ஆய்வு இதனோடு இணைத்துக் காணத்தக்கது. முன்னரே தொழில் நடத்திய மாணவர் மிகுதியாக இருந்த வகுப்புப் பிரிவுகளில், படிப்புக்குப்பின் தொழில் தொடங்கியோர் எண்ணிக்கை குறைவு. ஆனால் குறைந்தவை பெரும்பாலும் தோல்வியுறும் முயற்சிகளே. பட்டறிந்த சகமாணவர், பிழையான திட்டங்களைத் தொடக்கத்திலேயே இனங்காட்டினர் எனலாம். கடனுக்கு வந்தவரைத் திருப்பியனுப்புவதைப் பெட்டியடியிலிருந்து கண்டு கற்ற சிறுவனின் கல்வியும் இத்தகையதே. தொடங்கத்தகாததைத் தொடங்காமை தொழில்முனைவின் ஒரு பகுதி. தொடங்கிய நிறுவனங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு பாடத்தை அளப்போர் இதனைத் தோல்வி எனக் கணக்கிடுவர்.

ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் நடத்துவோரிடம் மேற்கொண்டு 2017இல் வெளியிட்ட ஆய்வில், தன்முனைப்பை வளர்க்கும் உளவியல்சார் பயிற்சி இலாபத்தை 30 விழுக்காடு உயர்த்தியது. கணக்கு, சந்தை முதலியவற்றைக் கற்பித்த மரபான வணிகப் பயிற்சியால் உறுதியாகக் கூறத்தக்க உயர்வு ஏற்படவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் காக்கிநாடாவில் கண்டதை இது பெரும்பான்மையும் ஒத்துள்ளது. அங்குப் போலவே இங்கும் பயிற்சி பெற்றோர் தம் தொழிலைத் தாமே நடத்திக்கொண்டிருந்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு. கணக்கறிவு கற்பிக்கத்தக்கது, பெட்டியடியும் வகுப்பறையும் அதனைக் கற்பித்தன, வகுப்பறை பிறப்பு வேறுபாடின்றிக் கற்பித்தது. இது வணிகப் பள்ளியின் மறுக்கவியலாத பங்களிப்பு. தீர்மானிக்கும் திறனும் ஊக்கமும் கற்பிக்கத்தக்கனவே. ஆனால் விளைவுக்குப் பொறுப்பேற்கும் நிலை கற்பவருக்கு இருந்தபோதே அவை நிலைபெற்றன. முதலும் நம்பகமும் கற்பிக்கப்படுவன அல்ல, ஒப்படைக்கப்படுவன. நகரத்தார் மரபில் சமூகமும், பாஸ்டனில் துணிகர முதலீட்டு நிறுவனமும், குஜராத்தில் அரசுசார் நிதி நிறுவனங்களும் அப்பணியைச் செய்தன.

எனவே ‘தொழில்முனைவைக் கற்பிக்க முடியுமா’ என்னும் வினாவை, ‘கற்றவர் கையில் எவர், எதனை, எப்போது ஒப்படைப்பர்’ என்னும் வினாவோடு சேர்த்தே கேட்டல் வேண்டும். குடும்பத்தில் முதலும் தொடர்பும் உடைய மாணவருக்கு மேலாண்மைப் படிப்பு எஞ்சிய கூறுகளை நிரப்பித் தருகிறது. தலைமுறையில் முதன்முதலாகப் பட்டம் பெறும் மாணவருக்கோ, இரண்டு கூறுகள் எட்டாமலே பாடம் முடிந்துவிடுகிறது. பின்னவர் தொழில் தொடங்காதபோது அதனை அவருடைய துணிவின்மையாகவோ பாடத்தின் பயனின்மையாகவோ கொள்வது வரலாற்றுச் சான்றுகளுக்குப் பொருந்தாது.

பாடத்திட்டம் வகுப்போர்க்கு இதிலிருந்து இரண்டு வழிகள் புலனாகின்றன. திட்ட அறிக்கையோடு நில்லாது, நடக்கும் தொழிலொன்றில் மாணவர் குறிப்பிட்ட காலம் பணத்தோடு கூடிய பொறுப்பை ஏற்றுக் கணக்கு ஒப்புவிக்கும் ஏற்பாடு வேண்டும். படிப்பின் முடிவில் வழங்கும் சான்றை வங்கியும் முதலீட்டாளரும் நம்பகத்தின் அடையாளமாக ஏற்கும் பிணைப்பும் வேண்டும். இவை அமையாதவரை, வணிகப் பள்ளி தொழில்முனைவைப் பற்றிக் கற்பிக்கும் இடமாகவே நிற்கும்.